பிப்ரவரித் தாள்

“எங்கம்மா காலுக்கு அந்தத் துண்டைக் குடுங்க சார்.”

இதைக் கேட்கவே கூடாது என்று ரூபா வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவைத்திருந்தார்கள். ஆய்வுக்கூடத்தில் செய்கிற எதுவும் வாசலைத் தாண்டாது. தாய்க்கும் கிடையாது, பிள்ளைக்கும் கிடையாது. டாக்டர் ஜெகநாதன் ஒரு தடவை சொன்னார். உதவியாளர் சுதா அக்கா போகிற வருகிற போதெல்லாம் சொன்னாள். ரூபாவும் தலையாட்டித்தான் சேர்ந்தாள். அந்தத் தலையாட்டலுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

ஜெகநாதன் பேனாவை மூடிவைத்தார். “எந்தத் துண்டு?”

“ஜாடியில கடைசியா ஒண்ணு இருக்கே சார். பிப்ரவரித் தாள்.”

தொட்டியடியில் குடுவை கழுவிக்கொண்டிருந்த சுதா குழாயை மூடினாள். அவளுக்குக் கேட்க வேண்டும்.

அவர் கத்தவில்லை. பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். எலிகளைத் தவிர இந்தத் தாளை இதுவரை எந்த உயிர்மேலும் போட்டதில்லை. மனிதர்மேல் போட அனுமதி கேட்டே இன்னும் எழுதவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அம்மாவுக்கு யார் பதில் சொல்வது? சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். அதில் எங்கே குறை கண்டுபிடிக்கலாம் என்று ரூபா தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. அதனால் கோபம் கூடுதலாக வந்தது. மற்றவர்களுக்கு வியர்ப்பதுபோல அவளுக்குக் கோபம் வரும். காரணம் தனியாக வேண்டியதில்லை.

“நியாயம் பேசுறதுக்கு உங்களுக்குக் காலு நல்லாருக்கு சார்” என்று சொல்லிவிட்டு எந்திரத்தின் பக்கம் போய்விட்டாள்.

எந்திரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஊசி, எதிரே சுழலும் ஓர் உருளை, இரண்டுக்கும் நடுவே ஆளைத் தூக்கியடிக்கிற மின்சாரம். ஊசிக்குள் கூழ்போல ஒரு பசை. அதில் நோனி இலைச் சாறு கலந்திருக்கும். தமிழ்நாட்டில் நுணா என்கிறார்களே, அது. மின்சாரத்தின் இழுப்பில் ஊசி முனைச் சொட்டு நீண்டு நீண்டு, தலைமுடியை நூறாகக் கிழித்தால் வருமே, அதைவிட மெல்லிய இழையாகப் பறந்து உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். பறப்பது கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் உரித்தெடுத்தால் பால் ஆடைபோல, லேசாகப் பச்சை ஓடிய ஒரு தாள் இருக்கும். புண்ணின்மேல் அதைப் போட்டால் காற்று போகும், ஈரம் நிற்கும், இலைச் சாறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பந்தலில் கொடி ஏறுவதுபோல அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு புதுத் தோல் ஏறி வரும். எலிகளின் முதுகில் அது ஏறி வந்ததை ரூபா கண்ணால் பார்த்திருக்கிறாள்.

ஆனால் அந்தத் தாளுக்கு ஈரக்காற்று ஆகாது. ஊசியிலிருந்து உருளைக்குப் போகிற அந்த ஒரு சாண் தூரத்துக்குள் இழை காய்ந்துவிட வேண்டும். போர்ட் பிளேயரிலோ உப்பே ஜாடிக்குள் தானாகக் கரைந்து நிற்கும். வெயில் மாதங்களில் மட்டும்தான் எந்திரம் ஒழுங்காக நடந்துகொள்ளும். மற்ற நாட்களில் அறையின் ஈரத்தை உறிஞ்ச ஒரு பெட்டி இருந்தது. அது போன வருஷம் மே மாதமே படுத்துவிட்டது. அதற்கான பாகம் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும், வந்தபாடில்லை. ஆகவே ஆய்வுக்கூடத்தின் பேச்சில் தாள் இரண்டு வகை: பிப்ரவரித் தாள், மழைத் தாள்.

மழை என்றால் ரூபாவுக்குத் தெற்கே நிக்கோபாரில் இருக்கிற கச்சால் தீவு. ரப்பர் மரங்களில் மழை விழுந்தால் பால்வெட்டு கிடையாது, அம்மா வீட்டில் இருப்பாள். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களைக் கொண்டுபோய் அந்தத் தீவில் இறக்கியபோது அம்மா அன்னம்மாள் கைக்குழந்தை. வளர்ந்து, கத்தி பிடித்து, கட்டினவன் காய்ச்சலில் போன பிறகும் கத்தியைக் கீழே வைக்காமல் ஒற்றைப் பெண்ணை போர்ட் பிளேயர் கல்லூரிவரை ஏற்றிவிட்டவள். அவர்கள் இருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பட்டம் வாங்கிய முதல் ஆள் ரூபாதான். அந்த அம்மாவின் கணுக்காலில் போன மழைக்கு முந்தின மழையில் ஒரு மரக்கட்டை கிழித்தது. சர்க்கரை உடம்பு. கிழிந்தது மூடவே இல்லை.

ரூபா போர்ட் பிளேயரின் பத்துபஸ்தியில் ஒரு தகரக்கூரை அறையில் இருந்தாள். மெயின்லேண்டுக்குப் போகிற விமானங்கள் தலைக்குமேல் எழும்பும்போது தெருவே அண்ணாந்து பார்க்கும். எல்லோருக்கும் ஏக்கம் மேற்கே. அவளுக்கு மட்டும் தெற்கே. கச்சாலுக்கு ஒன்றரை நாள் கப்பல். ஆனால் கப்பல் இருந்தால் லீவு இருக்காது, லீவு இருந்தால் கடல் சரியிருக்காது. ஊருக்குப் போய் ஒரு பொங்கல் தாண்டி இன்னொரு பொங்கலும் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் அமோனியா பாட்டிலைத் திறந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்தி விலகுவார்கள். ரூபா கிட்டே போவாள். ரப்பர் பால் உறையாமலிருக்க வாளியில் ஊற்றுவது அதைத்தான். அம்மாவின் முந்தானை வாசம் அது. சின்ன வயதில் அந்த முந்தானையை முகத்திலிருந்து தள்ளிவிட்டவள் அவள்.

தினமும் வீடியோவில் பேசுவாள். அம்மா முகத்தை மட்டும் காட்டுவாள். காலின் பக்கம் போனைத் திருப்பச் சொன்னால் சிக்னல் போய்விடும். கால் எப்படி என்று கேட்டால் அது கிடக்கிறது என்பாள். பிறகு எப்போதும் ஒரே கேள்வி, நீ எப்ப வாற.

கேட்டு மறுப்பு வாங்கிய மறு வாரம் ஜெகநாதனே அவளைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். நாற்காலியைக் காட்டினால் காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

டில்லியிலிருந்து குழு வருகிறது. திட்டம் தொடருமா மூடுமா என்று பார்க்க வருகிறார்கள். எலிப் படங்களை அவர்கள் போன தடவையே பார்த்தாயிற்று. ஒரு மனிதக் காயம் ஆறியிருப்பதைக் காட்டினால் பேச்சு வேறாக இருக்கும். அனுமதியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம், அது தன் பொறுப்பு. ரூபாவுக்குச் சம்பளத்தோடு லீவு. தானே போய்த் தாளைப் போட்டு, போடுவதற்கு முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

“முகம் வேண்டாம்மா. காலு மட்டும் போதும்.”

சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு வருஷமாக இந்தத் தீவில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதர். மனைவியும் மகளும் நாகர்கோவிலில். இந்தத் திட்டம் நல்லபடியாக நீண்டால் அவருக்கு மாற்றல் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவரும் தினமும் வீடியோவில் முகம் பார்த்துக் கிடப்பவர்தான்.

போன வாரம் பேசிய நியாயம் இந்த வாரம் எங்கே போயிற்று என்று ரூபா கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் அதற்குள் கால்கள் வராந்தாவுக்கு ஓடிவிட்டன. போனில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

“நீ செஞ்சதா புள்ள?”

“நாந்தாம்மா செஞ்சேன்.”

“அப்ப போடு.”

அது என்ன, எரியுமா, எத்தனை நாள் என்று ஒரு கேள்வி இல்லை. ரூபா போனை மார்போடு வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அம்மாவின் காலை மடியில் தூக்கிவைப்பது, துடைப்பது, அந்தப் பால் ஆடையை ஓரம் மடங்காமல் படியவைப்பது. இதையெல்லாம் ஒரு வருஷமாக மனசுக்குள் செய்துசெய்து அவள் விரல்களுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

உள்ளே வந்து கண்ணாடி ஜாடியைத் திறந்தாள். காலி.

“அரே, அது நேத்தே டில்லிக்குப் போயிருச்சே” என்றாள் சுதா. “ஸ்பீட் போஸ்ட்ல. சாம்பிள் முதல்ல வேணும்னாங்களாம். நான்தான் பேக் பண்ணேன்.”

ஜெகநாதனிடம் கேட்டதற்குப் புதிதாக ஒன்று இழுத்துக்கொள் என்றார். வெளியே ஜூலை மாதம் கொட்டிக்கொண்டிருந்தது.

ரூபா இழுத்தாள். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டினாள். ஏசியைக் குளிரின் கடைசிக்குத் தள்ளினாள். ஈரம் உறிஞ்சும் குருணைகளைத் தட்டுத்தட்டாக எந்திரத்தைச் சுற்றிப் பரப்பினாள். உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போடுவோமே, ரேஷன் கடையிலிருந்து ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டட்டுமா என்று சுதா கேட்டாள். வேறு நாளாக இருந்தால் ரூபா சிரித்திருப்பாள். ஊசி முனையில் சொட்டு நீளாமல் தொங்கியது, விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அப்படியே சில நாட்கள் போயின.

கடைசியில் ஒரு தாள் வந்தது. வெறுங்கண்ணால் பார்த்தால் பிப்ரவரித் தாளின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். வெள்ளை, மெல்லிய பச்சை, தொட்டால் பட்டு. அதில் நகத்தளவு வெட்டி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். மழையில் நனைந்த சிலந்தி வலைபோல இழைக்கு இழை மணிமணியாகக் கட்டி. கட்டி இல்லாத இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகக் கிடந்தன.

கட்டி என்றால் வெறும் அழகுக்குறை இல்லை. தாள் தண்ணீரில் கரையாமலிருக்க அதற்கு ஒரு மருந்துப் புகை காட்டுவார்கள். பிறகு கழுவி அதை எடுத்துவிட வேண்டும், தங்கினால் புண்ணை எரிக்கும். இழை நல்லதாக இருந்தால் கழுவினால் போய்விடும். கட்டிக்குள் புகுந்தது போகாது. போன மழையில் அப்படி ஒரு தாளைப் போட்ட இரண்டு எலிகளுக்குப் புண் ஓரம் சிவந்து, ஆறுவதற்குப் பதில் அகண்டது. ரூபா அப்போதே போய்ச் சொன்னாள். அது க்ளைமேட் செய்த வேலை, கணக்கில் வராது என்றார் ஜெகநாதன். அந்த இரண்டும் கணக்கில் வரவும் இல்லை.

படத்தை அவர் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இது மைக்ராஸ்கோப்புக்குத்தானம்மா தெரியுது. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு. புண்ணுக்கா தெரியப்போகுது?”

“எலிக்குத் தெரிஞ்சுதே சார்.”

“ரெண்டே ரெண்டு எலி. அது க்ளைமேட்டுன்னு சொல்லிட்டேன்ல.”

“எங்கம்மாவும் அதே க்ளைமேட்லதான் சார் இருக்கா.”

அவர் படத்தைத் திருப்பிப்போட்டார். குரல் உயரவில்லை, அதுதான் அவளுக்கு அவரிடம் பிடிக்காத விஷயம். “நீதானே ரூபா கேட்ட? நானா கேட்டேன்?”

கேட்டவள் அவள்தான். தாளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பத்துபஸ்திக்கு நடந்தாள். உறையை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். லீவு கிடைத்துவிட்டது, தாளும் கிடைத்துவிட்டது. ஒரு வருஷமாக ஏங்கிய இரண்டும் கைக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை எலித்தோல் வேறு, அம்மா தோல் வேறு. இப்படி ஒருவேளை ஒருவேளை என்று தன்னைத்தானே ஏய்த்துக்கொண்டிருந்தபோது கச்சாலிலிருந்து போன் வந்தது. அம்மா இல்லை. அங்குள்ள சுகாதார நிலையத்து நர்ஸ் ராணி.

“ரூபா, உங்கம்மாகிட்ட நீ என்னா சொல்லி வச்சிருக்க?”

ராணி சொல்லச்சொல்ல ரூபா கட்டிலில் உட்கார்ந்தாள். அன்னம்மாளைப் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்து நாளாகிறது. கப்பலில் படுக்கைகூட ஒருதரம் ஒதுக்கினார்கள். இவள் ஏறவில்லை. எம்மக மருந்து செய்யுது, கப்பல்ல வரும் என்று எல்லோரிடமும் சொல்கிறாள். கப்பல் வருகிற நாளெல்லாம் அந்தக் காலோடு கப்பல்துறை ஜெட்டிக்கு நொண்டிப் போகிறாள், கடைசி ஆள் இறங்குகிறவரை நிற்கிறாள், திரும்பி வருகிறாள். இப்போது புண் கீழே இறங்கிச் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. இனிமேலும் வைத்திருந்தால் விரலோடு போகாது, காலை எடுப்பதில் வந்து நிற்கும்.

“மருந்து எப்ப வரும்னு டாக்டர் கேக்கச் சொன்னாரு” என்று முடித்தாள் ராணி. குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

போன தீபாவளிக்கு ரூபா போனில் சொன்னது அவ்வளவுதான்: நாங்க புண்ணுக்கு ஒரு தாள் செய்யுறோம்மா, உன் காலுக்கு அதைத்தான் போடப்போறேன். ஆசையில் சொன்னது. படித்த பெருமையிலும் சொன்னது. ஆனால் கச்சாலில் அரிசி கப்பலில் வரும், வெங்காயம் கப்பலில் வரும், கல்யாணப் பத்திரிகை கப்பலில் வரும். போர்ட் பிளேயரில் ஒன்று செய்தாயிற்று என்றால் அது அடுத்த கப்பலில் வந்து இறங்கும் என்பதுதான் அந்தத் தீவில் அர்த்தம். எலியில் தொடங்கி மனிதர்வரை வர வருஷங்கள் ஆகும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? அவள் சொல்லவில்லையே.

உடனே அம்மாவைக் கூப்பிட்டாள்.

“அம்மா, மருந்து வராது.”

“கெட்டுப்போச்சா?”

“இன்னும் ஆகலம்மா. இப்ப இருக்குறது ஒனக்குப் போடுற மாதிரி இல்ல. நல்லா ஆகும், ஆனா இன்னும் வருசம் புடிக்கும். ஒங்காலு அதுவரைக்கும் தாங்காது.” வந்த அழுகையையும் கோபமாக்கிக்கொண்டாள். “ராணி அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ ஏன் கப்பலேறல? நா வாறேன். வந்து ஒன்னக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வாறேன். மருந்து வரும் மருந்து வரும்னு நீ பாட்டுக்கு ஜெட்டியில போயி நின்னா எப்படிம்மா?”

மறுமுனையில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“நா மருந்துக்கா போயி நின்னேன்?” என்றாள் அன்னம்மாள். “அதக் கொண்டாறது நீயாத்தானே இருக்கும்னு நின்னேன்.”

ரூபா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு விமானம் மழைக்குள் எழும்பி மேற்கே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கட் கவுண்டரில் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெங்காலிக் கிழவர் இந்தியில் கடலைத் திட்டிக்கொண்டிருந்தார். போக ஒரு டிக்கட், வர இரண்டு. வரும்போது ஒன்று கீழ்ப்படுக்கையாக வேண்டும், நோயாளி என்று சொன்னாள். கவுண்டர்க்காரர் என்ன நோய் என்று கேட்டார். காத்துக்கிடந்த நோய் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. கால் என்று மட்டும் சொன்னாள்.

அங்கிருந்து நேராக ஆய்வுக்கூடம். குடையை வாசலில் சாய்த்துவிட்டு ஜெகநாதன் அறைக்குப் போய் உறையை மேசையில் வைத்தாள்.

“பெட்டி கட்டலையா?” என்றார் அவர். “கப்பல் நாளைக்குத்தானே.”

“இதை வச்சிட்டுப் போலாம்னு வந்தேன் சார். போட்டோ கிடையாது. அம்மாவை இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரப்போறேன்.”

அவர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குழு வருவதற்கு இருக்கிற நாட்களைச் சொன்னார். எந்திரத்தை வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது என்றார். லீவு கொடுத்ததே படத்துக்காகத்தான், அது இல்லாமல் இந்த நேரத்தில் போனால் அவள் இடத்தில் இன்னொருவரைப் போடுவதைத் தவிர தனக்கு வழியில்லை என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, சொல்லும்போது அவர் முகத்திலேயே ஒரு களைப்பு தெரிந்தது. நாகர்கோவில் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகிற களைப்பு. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

“போடுங்க சார். வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக் குடுங்க, மழையில இழுக்காதீங்கன்னு. டில்லிக்காரங்களுக்கு மழைத் தாளையும் காட்டுங்க. அந்த ரெண்டு எலியையும் சேத்து.”

“ரூபா, கோபத்துல பேசாதே. இந்தத் தாள்ல உனக்கு நம்பிக்கை இல்லையா?”

அந்தக் கேள்வி மட்டும் அவளைக் கொஞ்சம் நிறுத்தியது. பிப்ரவரி மாதத்து ஒரு சாயங்காலம், உருளையிலிருந்து உரித்தெடுத்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதற்குப் பின்னால் தன் விரல்கள் நிழலாகத் தெரிந்தது ஞாபகம் வந்தது. அதைப்போல ஒன்றை அவள் வாழ்க்கையில் செய்ததில்லை.

“இருக்கு சார். அதனாலதான் இதை எடுத்துட்டுப் போகல.”

திரும்பி நடந்தாள். எந்திர அறையில் ஊசி முனையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது; துடைக்கக் கை போனது, இழுத்துக்கொண்டாள். சுதா கழுவும் தொட்டியடியில் ஈரக்கையோடு நின்றாள். இந்த முறை குழாயை மூடவில்லை. அலமாரி பக்கம் அமோனியா பாட்டில் மூடி சரியாக இறுகாமல் லேசாக வாசம் விட்டுக்கொண்டிருந்தது. ரூபா அதன் அருகில் நிற்காமல் கடந்தாள். அந்த வாசத்தின் சொந்தக்காரி இன்னும் ஒன்றரை நாள் கப்பல் தூரத்தில் இருந்தாள்.

வாசலில் குடையை எடுத்து விரித்துக்கொண்டு படியிறங்கி மழைக்குள் போனாள்.